பேச்சிராக்கில் குடியேறியவர்கள்

கோகுலகிருஷ்ணனுக்கு மல்லாட்டை ஆகாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. சுத்த அபாண்டம். காணையில் பிறந்து, நிலக்கடலையை மல்லாட்டை என்றே சொல்லி வளர்ந்த ஒருவனுக்கு அது பிடிக்காமல் போகுமா? தான் கட்டிய விளையாட்டுக்குள் மட்டும் அதை விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அதற்குத்தான் இந்தக் கெட்ட பெயர்.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ரிப்பேர் செய்கிற சின்னக் கடை அவனுடையது. கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து, வருஷக்கணக்காகத் தன்னந்தனியாக ஒரு ஆன்லைன் ஆட்டத்தை உருவாக்கினான். பெயர் 'மண்டலம்'. சுமார் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நம் வட்டாரம்தான் அதன் வரைபடம். செஞ்சிக் கோட்டை, வந்தவாசி, புதுச்சேரி, கடலூர், நடுவில் நம் குக்கிராமங்கள். ஒருவர் நவாபாக ஆடுவார், ஒருவர் பிரெஞ்சுக்காரராக, ஒருவர் இங்கிலீஷ் கம்பெனியாக, மிச்சப் பேரெல்லாம் பாளையக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டில் போனும் லேப்டாப்புமாக உட்கார்ந்தால், பொழுது சாய்வதற்குள் ஒரு வருஷத்துச் சண்டை முடிந்துவிடும். வரி போடலாம், ஏரி வெட்டலாம், படைக்கு ஆள் பிடிக்கலாம், பக்கத்து ஊரைக் கொளுத்தலாம். கைலியோடு உட்கார்ந்தபடியே இத்தனை அக்கிரமமும் செய்ய முடிந்தால் யாருக்குக் கசக்கும்? ஆட்டம் சூடு பிடித்துக்கொண்டது.

கோகுலின் பிடிவாதம் சரித்திரம். அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் உள்ளே வரக்கூடாது. திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற செபஸ்தியான் முதல் நாளே குதித்தான்.

"திண்டிவனத்துல மல்லாட்டை இல்லாம இன்னாயா ஆட்டம்? எங்க நெலத்துல வேற இன்னாத்த போடுறது?"

"அப்போ இங்க மல்லாட்டையே வரல, செபாஸ். கேப்பை போடு, கம்பு போடு. அவ்ளோதான்."

"வரலன்னு நீ பாத்தியா?"

பார்க்கவில்லைதான். ஆனால் படித்திருந்தான். படித்ததை விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை அவன்.

மல்லாட்டைச் சண்டையாவது கேலியோடு போயிற்று. திண்டிவனத்துச் சண்டை அப்படிப் போகவில்லை. வடக்கேயிருந்து வருகிறவனும் தெற்கேயிருந்து வருகிறவனும் செஞ்சிக்குப் போகிறவனும் கடற்கரைக்குப் போகிறவனும் திண்டிவனத்தை மிதித்துக்கொண்டுதான் போகவேண்டும். மிதிக்கிற படை சும்மா போகுமா? தானியத்தை வாரும், ஆளைப் பிடிக்கும், வைக்கோல் போரைக் கொளுத்தும். அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது என்று கோகுல் அதை அப்படியே வைத்திருந்தான். சொந்த ஊர்ப் பாசத்தில் திண்டிவனத்தையே எடுத்து ஆடிய செபஸ்தியான், ஒவ்வொரு முறையும் முதல் ஆளாக வெளியே போனான்.

"சரித்திரம் சரித்திரம்னு சொல்லிக்கினு என்னைய மட்டும் சாவடிக்கிற," என்று ஒருநாள் கடைக்கே வந்துவிட்டான். "ஆட்டம்னா ஜெயிக்கறதுக்கு ஒரு சந்து இருக்கணும்ல? இல்லன்னா நான் கெளம்புறேன். நான் போனா எங்கூட பாதிப் பேரு வருவாங்க, பாத்துக்கோ."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தோற்பதற்கென்றே ஒருவனை உட்காரவைத்தால் அது விளையாட்டு இல்லை, தண்டனை. கோகுல் யோசித்தான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓலைப்பாக்கம் என்று ஒரு ஊர், அவன் மனைவி இளவரசி பிறந்த ஊர். கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் வேங்கடேசன் நிலத்தைச் சுற்றிக் காட்டினார். தூர்ந்துபோன ஏரிக்கு அந்தாண்ட, முள்ளும் பாறையுமாகக் கிடந்த வெட்டவெளியைக் கைகாட்டி, "அது பேச்சிராக்கு, மாப்ள" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். பேச்சியம்மன் பெயரில் எப்போதோ இருந்த ஊர் போலிருக்கிறது என்று கோகுல் நினைத்துக்கொண்டான். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். இப்போது அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பேச்சிராக்கு என்று பெயர் எழுதி, ஜனங்களைக் குடிவைத்தான். அங்கே நாற்பது பேருக்குக் கீழே குறையாது. எத்தனை பேரைப் படைக்குப் பிடித்தாலும் மறுபடி ஊர் நிரம்பிவிடும். திண்டிவனத்துக்காரன் ஆத்திர அவசரத்துக்கு அங்கிருந்து ஆள் எடுத்துக்கொள்ளலாம்.

செபஸ்தியானுக்குக் குளிர்ந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சுக்காரராக ஆடுகிற அமல்ராணி விடவில்லை. புதுச்சேரியில் சரித்திர டீச்சர், சரித்திர விஷயத்தில் கோகுலுக்கே ஒரு படி மேல்.

"கோகுல் சார், ஆளுங்க இன்னா காளானா, மழை பேஞ்சா மொளைக்கறதுக்கு? காலியான ஊருக்குப் பக்கத்து ஊர்லேர்ந்துதான் வந்து குடியேறுவாங்க. மொதல்ல அதைச் சரி பண்ணுங்க."

சரிதானே? கோகுல் சரி பண்ணினான். பேச்சிராக்கில் ஆள் குறைந்தால், பக்கத்து ஊரில் பிறந்தவர்களிலிருந்து ஆள் நகர்ந்து வரவேண்டும். பிறந்தவர்கள் என்றால், வாழ்க்கைப்பட்டோ பிழைப்புக்கோ வேறெங்கு போயிருந்தாலும் சேர்த்துத்தான். பக்கத்து ஊர் ஓலைப்பாக்கம். சரித்திரமும் கெடவில்லை, ஆட்டமும் கெடவில்லை என்று அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இளவரசிக்குப் பிடித்த பாதாம் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த ஞாயிறு திண்டிவனம் முதல்முறையாகத் தப்பியது. திங்கட்கிழமை மாமனார் போன் செய்தார். வேறு ஏதோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"நம்ம கோதண்டபாணி இல்ல, அதான் பக்கத்துக் கொல்லைக்காரரு. ஊட்டைப் பூட்டிக்கினு பொண்டாட்டியோட பேச்சிராக்குக்குக் குடி போயிட்டாரு, மாப்ள."

கோகுல் சிரித்தான். "அங்க இன்னா மாமா இருக்கு? முள்ளுதானே?"

"முள்ளா? ஊரு மாப்ள அது. எப்பவும் இருக்கற ஊருதானே?"

அவர் கேலி பேசுகிற மனிதர் இல்லை. அந்த வாரம் ஓலைப்பாக்கத்தில் இன்னும் சில வீடுகள் பூட்டிக்கொண்டன. யாரும் அழவில்லை, யாரும் தேடவில்லை. அவர்கள் பேச்சிராக்குக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான் என்று ஊரே சாதாரணமாகச் சொன்னது.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தான். உச்சி வெயில். திண்டிவனத்தில் இறங்கி, வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, ஓலைப்பாக்கம் வரை மினி பஸ், அதற்கப்புறம் நடை. ஏரிக்கரை மேல் ஏறிப் பார்த்தால் அதே முள், அதே பாறை. அப்பாடா என்று மூச்சு விட்டான். கீழே இறங்கி நடந்தபோதுதான் தரையைக் கவனித்தான். தரை கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. ஈரம் காயவில்லை. வரிசையாகக் கோலம் போட்டிருந்தது. அச்சு அசலாகத் தெருக்கோலம், ஒவ்வொன்றும் ஒரு வாசல் அளவு தள்ளித் தள்ளி. வாசல்தான் இல்லை. கோலங்களுக்குப் பின்னால் வீடு இருக்கவேண்டிய இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ கேப்பைக் களி கிண்டுகிற வாசனை வந்தது.

"வாங்க மாப்ள," என்றது ஒரு குரல்.

கோதண்டபாணி ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். அதே ஆள்தான். ஆனால் சட்டையில்லை, கைக்கடிகாரமில்லை, அவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிற செல்போனும் இல்லை. கோகுல் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான்.

பெரியவர் ஒரு கொட்டையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"இது இன்னா கொட்டை, மாப்ள? துன்றதா?"

ஐயா, ஆயுசு முழுக்க மல்லாட்டை பயிரிட்ட மனிதர் அவர்! கோகுலின் கல்யாணத்துக்கு மூட்டையோடு மல்லாட்டை கொண்டுவந்து இறக்கியவர். அவர் கையிலிருந்த கொட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெயிலாக இருக்கிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்று இல்லாத ஒரு வாசலைக் காட்டினார். கோகுல் ஓடினான். கரை மேல் ஏறித் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். நான் அவனாக இருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பெரியவருக்கு வயசாகிறது, ஞாபக மறதி, வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று ஏதேதோ சொல்லித் தன்னைச் சமாதானம் செய்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஆட்டம் நடந்தது. செபஸ்தியான் பேச்சிராக்கில் இருந்தவர்களில் பாதியை ஒட்டுமொத்தமாக எடுத்து நவாப் படைக்கு எதிரே நிறுத்தினான். நவாபாக ஆடியவர் பாஷா, திண்டிவனத்தில் டயர் கடை வைத்திருப்பவர். நிறுத்தியவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாஷா, ஆட்டத்து வாட்ஸாப் குரூப்பில் பட்டாசுப் படமாகப் போட்டுத் தள்ளினார்.

மறுநாள் காலையில் கோகுல் மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, கோதண்டபாணி எப்படி இருக்காரு?"

"எந்தக் கோதண்டபாணி?"

"உங்க பக்கத்துக் கொல்லை, மாமா."

"அது பொறம்போக்கு ஆச்சே. அங்க ஏது மாப்ள ஆளு?"

கோகுல் போனை வைத்தான். பிறகு பாஷாவைக் கூப்பிட்டான். ஏன் அவரைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் படையை வெட்டிச் சாய்த்தவர் அவர்தான் என்பதால் இருக்கலாம்.

"பாய், அந்தப் பேச்சிராக்கு ஊரு இருக்குல்ல..."

பாஷா விழுந்து விழுந்து சிரித்தார். "நானே கேக்கணும்னு இருந்தேன் ப்ரோ. அதெப்படி அங்க ஆள வச்ச? சிராக்னா எங்க உருதுல வெளக்கு. பேசிராக்னா வெளக்கு இல்லாதது. வெளக்கேத்த ஒரு ஆளுகூட இல்லாத ஊருன்னு அர்த்தம். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைங்க அப்படித்தான் எழுதி வப்பாங்க. அது பேரு இல்ல ப்ரோ, நெலைமை."

விளக்கில்லாத இடம். அதற்குப் பெயர் வைத்து, ஆள் வைத்து, அந்த ஆள் குறையவே கூடாது என்று விதியும் எழுதிவைத்திருக்கிறான்.

கடையில் உட்கார்ந்து ஆட்டத்தை அப்படியே ஒரு நகல் எடுத்தான். நகலில் அந்த விதியை அழித்துப் பார்த்தான். குடியேறியவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள் என்று நம்பினான். திரும்பவில்லை. பேச்சிராக்கு ஒரே நொடியில் காலியானது, ஓலைப்பாக்கத்தில் ஒரு ஆள்கூட ஏறவில்லை. இருந்தவர்கள் எங்கும் இல்லாமல் போனார்கள். மறுபடி மறுபடி செய்து பார்த்தான், ஒவ்வொரு முறையும் அதேதான். நகலை அழித்தான். அசல் ஆட்டத்தைத் தொடப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. இளவரசி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோகுல் வழக்கம்போலக் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"இளா, மல்லாட்டை சட்னி அரைச்சிடேன்."

"இன்னா சட்னி?"

"மல்லாட்டை."

அடுப்பைத் தணித்துவிட்டு அவள் வாசற்படிக்கு வந்து நின்றாள். முகத்தில் விளையாட்டு இல்லை. "அப்படின்னா இன்னாங்க?" என்றாள்.

அவன் சமையற்கட்டுக்குள் ஓடி டப்பாவைத் திறந்து அவளிடம் காட்டினான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, புழுத்துப்போன எதையோ பார்த்தமாதிரி முகத்தைச் சுளித்தாள். யார் இதைக் கொண்டுவந்து வைத்தது என்று கேட்டாள். அப்புறம் கைகழுவிவிட்டு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்க ஆரம்பித்தாள்.

"எங்க கெளம்பற?"

"பேச்சிராக்குக்கு. எங்க ஊரு ஆளுங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க? நான் மட்டும் இங்க இன்னா பண்றேன்?"

"நீ வேலை பாக்கற கடைக்குப் போவ வேணாமா?"

"எந்தக் கடை?"

கோகுல் வாசல் கதவைத் தாழ்போட்டான். அவள் கோபிக்கவில்லை, மடித்துக்கொண்டேயிருந்தாள். அவளுடைய இந்த அமைதிதான் அவனுக்குத் தாங்கவில்லை. பத்து வருஷமாக எடுத்ததற்கெல்லாம் சண்டை போடுகிறவள் அவள்! லேப்டாப்பைத் திறந்தான். பேச்சிராக்கு ஏறக்குறைய நிரம்பியிருந்தது, ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அந்த ஆளுக்கு நேரே எழுதியிருந்தது: ஓலைப்பாக்கத்தில் பிறந்த பெண் ஒருத்தி, வழியில்.

விதியை அழித்தால் அங்கே இருப்பவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். வழியில் இருக்கிறவளும் அந்தக் கணக்கில் சேர்த்தியா இல்லையா என்று யார் சொல்வது? அழிக்காவிட்டால் இவள் போய்விடுவாள். இவள் இல்லாமல் அவனுக்கு வீடு ஏது, வாசல் ஏது? பின்னால் அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஆள் குறைவதை நிறுத்தமுடியாது, ஆனால் எந்த ஊரிலிருந்து வரவேண்டும் என்பதை மாற்றலாம்.

வரைபடத்தில் விரலை ஓட்டினான். காணை என்று வந்தது, அவன் அம்மா அங்கே இருக்கிறாள். கோலியனூரில் தங்கையைக் கொடுத்திருக்கிறது. விரல் தெற்கே போயிற்று. பெண்ணையாற்றங்கரையில் திருவெண்ணெய்நல்லூர். அங்கே அவனுக்குச் சொந்தமில்லை, நட்பில்லை, கடைக்கு வந்துபோகிற ஆள்கூட இல்லை. விதியில் ஓலைப்பாக்கத்தை அழித்துவிட்டு அந்தப் பெயரை எழுதினான். எழுத்துப் பிழை வந்தது, திருத்தினான், சேமித்தான்.

விதி மாறினால் ஆடுகிற எல்லோருக்கும் அறிவிப்பு தானாகப் போய்விடும். அமல்ராணியின் குரல் செய்தி உடனே வந்தது.

"கோகுல் சார், இன்னா இது? ஆத்துக்கு அந்தாண்ட இருக்கற ஊரு எப்படி பக்கத்து ஊரு ஆவும்? அவ்ளோ தூரத்துலேர்ந்து இங்க யாரு வந்து குடியேறுவாங்க? சரித்திரத்துக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தாது."

மல்லாட்டைக்காக ஊரையே பகைத்துக்கொண்டவன், போனை வாயருகே வைத்துச் சொன்னான்: "ஆட்டத்துக்குப் பொருந்துது, மேடம்."

கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இளவரசி பாதியில் நின்றாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள், தாழ்போட்ட கதவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்போ கதவைச் சாத்தி வச்சிக்கினு உக்காந்திருக்க? எனக்கு வேலைக்கு நேரமாச்சி. சட்னிக்கு மல்லாட்டை எடுத்து வச்சேனே, எங்க அந்த டப்பா? ஒரு சாமானை வச்ச எடத்துல வைக்கத் துப்பு இருக்கா உனக்கு?"

அவன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, இட்லி தீய்ந்துவிடும் விடு என்று திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்க அவனுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதற்கப்புறம் வந்த முகூர்த்த நாளில் இளவரசியின் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. இரண்டு பேரும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றார்கள். காலை நேரம், நல்ல கூட்டம். கோகுல் மூன்று நாளாக லேப்டாப்பைத் திறக்கவில்லை. கடையில்கூட அதைத் துணிபோட்டு மூடிவைத்திருந்தான். இளவரசி சீர்த்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியின் புடவையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருவெண்ணெய்நல்லூர் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் இளவரசி வயதில் ஒருத்தி. ஒரு கையில் பாத்திரமும் பாயும் திணித்த பெரிய பை, இன்னொரு கையில் நாலைந்து வயசுப் பெண் குழந்தை. நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பெண்பிள்ளை என்று இளவரசியிடம் வந்தாள்.

"அக்கா, பேச்சிராக்குக்கு எந்த பஸ்ஸு?"

கோகுல் அவள் வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகையை இன்னொரு முறை படித்தான்.

"இதோ வந்து நிக்குதே, திண்டிவனம் பஸ்ஸு, இதுதான்," என்றாள் இளவரசி. "அங்க எறங்கி மினி பஸ் புடிக்கணும். நாங்களும் அந்தப் பக்கம்தான் போறோம், கூட வாங்க. புதுசா குடி போறீங்களா?"

"ஆமாக்கா. நான் மட்டும்தான் போவணும். இவளை எங்க அம்மாகிட்ட உட்டுட்டு வரலாம்னு பாத்தேன், இடுப்பைக் கட்டிக்கினு ஒரே அழுவ. சரி வாடின்னு இட்டுக்கினு வந்துட்டேன். ஊரு எப்படிக்கா, நல்ல ஊரா?"

"நல்ல ஊருதான். பயப்படாம போங்க."

குழந்தை அம்மாவின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கோகுலையே பார்த்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். போகாதே, வீட்டுக்குத் திரும்பிப் போ என்று சொன்னால் அவள் ஒருவேளை போய்விடுவாள். போய்விட்டால் அங்கே மறுபடி ஒரு ஆள் குறையும். அவன் இளவரசியைப் பார்த்தான். அவள் குழந்தையிடம் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜல்தி ஏறுங்க, ஜல்தி ஏறுங்க, வண்டி எடுக்கப்போறான்," என்று கண்டக்டர் கத்தினார். அந்தப் பெண்ணால் பையையும் தூக்கிக் குழந்தையையும் பிடித்துக்கொண்டு படியேற முடியவில்லை. "அண்ணா, கொஞ்சம் ஒரு கை புடிங்க," என்றாள்.

கோகுலகிருஷ்ணன் பையை வாங்கி உள்ளே ஏற்றினான். குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய், ஜன்னலோரம் அதற்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தான்.